குறைமின் நிலையை முடக்கி வைப்பதற்குக் காரணம் அலட்சியம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகலப்பட்டை இணையக் கருவிகளின் மின்செலவைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தரவு ஓடாத நேரத்தில் இணைப்பு தானாகவே குறைமின் நிலைக்கு இறங்கும் வசதி தரநிலைகளில் நெடுநாளாக இருந்தும் சேவை நிறுவனங்கள் பல அதை முடக்கியே வைத்திருக்கின்றன என்றும், அதற்கு அலட்சியமே காரணம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முடக்கி வைத்திருப்பது உண்மை. காரணமோ, பல ஊர்தி அலைகளை, அதாவது தரவைச் சுமந்து செல்லும் அலைகளைக் கொண்டு இயங்கும் தகவல்தொடர்பு முறைகளின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. அதை வாசகர்களுக்குச் சொல்லாவிட்டால் தீர்வையும் தவறான இடத்தில் தேடுவோம் என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் ஏ.டி.எஸ்.எல். முறை, தனக்குக் கிடைத்த அலைவரிசைப் பட்டையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த 256 துணை அலைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அங்குள்ள இரைச்சலுக்கு ஏற்ப 15 பிட் வரை ஏற்றுகிறது. ஒரு துணை அலையில் கூடுதலாக ஒரு பிட்டை ஏற்ற வேண்டுமானால், பிழை விகிதம் உயராமல் இருக்க அதன் திறனை, அதாவது அதில் செலுத்தும் மின்திறனை, ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டும். மின்சேமிப்புக்கான வாய்ப்பு முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. நொடிக்கு 4,000 குறியீடுகள் (எல்லாத் துணை அலைகளிலும் ஒருசேர அனுப்பப்படும் பிட் தொகுப்புகள்) செல்லும் இணைப்பில் 200 துணை அலைகள் தலா 10 பிட்டைச் சுமந்தால் வேகம் நொடிக்கு 8 மெகாபிட் ஆகும். தலா ஒரு பிட்டைக் குறைத்தால் வேகம் 7.2 மெகாபிட்டாகத்தான் இறங்கும். செலுத்தும் திறனோ பாதியாகிவிடும். தலா 5 பிட்டைக் குறைத்தால் வேகம் பாதியாகும்போது திறன் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

ஆனால் கம்பியில் செல்லும் திறன் வேறு, கருவி இழுக்கும் மின்சாரம் வேறு. நூற்றுக்கணக்கான அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது சில கணங்களில் அவற்றின் முகடுகள் ஒன்றுகூடி, சராசரியைப்போல் ஐந்து மடங்கு அளவுக்குக்கூட மின்னழுத்தம் எழுகிறது. எப்போதோ வரும் அந்த முகடு வெட்டுப்படாமல் செல்வதற்காக, கம்பியை இயக்கும் பெருக்கிக்கு எந்நேரமும் உயர்ந்த மின்னழுத்தத்தை வழங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இணைப்பகத்திலிருந்து, அதாவது தொலைபேசி நிலையத்திலிருந்து, கம்பிக்குள் போவது ஏறத்தாழ 100 மில்லிவாட் என்றாலும் பெருக்கி அதைப்போல் பல மடங்கை இழுத்து, பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியேற்றுகிறது. செலுத்தும் திறனைத் தணிக்கும்போது பெருக்கிக்கான மின்னழுத்தத்தையும் கூடவே தணிக்கும் வடிவமைப்பு இல்லையென்றால், மேலே சொன்ன கணக்கில் சிறு பகுதிதான் உண்மையான சேமிப்பாக வந்து சேரும். கட்டுரையில் இது விடுபட்டிருந்தது.

2002-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஜி.992.3 தரநிலை, அதாவது ஏ.டி.எஸ்.எல்.2, எல்0 என்னும் முழுத்திறன் நிலைக்கும் எல்3 என்னும் உறக்க நிலைக்கும் நடுவே எல்2 என்னும் குறைமின் நிலையைச் சேர்த்தது. இணைப்பகத்திலிருந்து பயனரை நோக்கிய திசையில் மட்டும் திறன் தணியும், இணைப்பு அறுபடாது, தரவு வந்ததும் பயனர் உணராத விரைவில் முழுத்திறன் திரும்பிவிடும். ஒரு கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்பிகள் தனியாகச் செல்வதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே கட்டுக்குள் பல கம்பி இணைகள் நெருங்கிச் செல்லும்போது ஒன்றின் அலை மற்றொன்றில் கசிந்து அங்கே இரைச்சலாகிறது. அண்டைக் கம்பி எல்2 நிலையில் அடங்கியிருக்கும் வேளையில் ஒரு மோடம் இணைப்பைத் தொடங்கினால், அந்த அமைதியை நிலையானது என்று கொண்டு துணை அலைகளில் பிட்டுகளை நிறைய ஏற்றிக்கொள்ளும். சற்று நேரத்தில் அண்டைக் கம்பி முழுத்திறனுக்குத் தாவுகிறது. வழக்கமாக ஒதுக்கப்படும் 6 டெசிபெல் பாதுகாப்பு இடைவெளி (இரைச்சல் ஏறத்தாழ நான்கு மடங்காவதைத் தாங்கும் அளவு) அந்தத் தாவலைத் தாங்காமல் போனால், பிழைகள் பெருகி, மோடம் ஒத்திசைவை இழந்து, முதலிலிருந்து மீண்டும் இணைப்பை ஏற்படுத்த வேண்டியதாகிறது. மின்சாரத்தைச் சேமித்தவருக்கு இது தெரியவே தெரியாது; அழைப்பு பாதியில் அறுந்துபோவது அடுத்த வீட்டில். எப்போதும் ஒரே அளவில் இருக்கும் பேரிரைச்சலுக்கு மோடம் தன்னைப் பழக்கிக்கொள்ளும், ஆனால் திடீரென ஏறி இறங்கும் சிறிய இரைச்சல் அதைத் தடுமாற வைக்கும். சேவை நிறுவனங்கள் எல்2 நிலையை முடக்கியதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காக அந்த முடக்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று நான் கருதவில்லை. ஏ.டி.எஸ்.எல்.-ஐவிட வேகமான வி.டி.எஸ்.எல்.2 தரநிலையில் மெய்நிகர் இரைச்சல் என்றொரு வசதி உண்டு. அண்டைக் கம்பிகள் அமைதியாக இருந்தாலும் அவை முழுத்திறனில் இயங்குவதாகவே எண்ணிக்கொண்டு பிட்டுகளைப் பங்கிட அது மோடத்துக்கு வழிசெய்கிறது. உச்ச வேகத்தில் கொஞ்சம் இழப்பு ஏற்படும். நிலையான இணைப்புக்காக அந்த இழப்பை ஏற்பது தகும். திறனை ஒரே தாவலில் உயர்த்தாமல் சிறு படிகளாக உயர்த்தினாலும், அண்டை மோடங்கள் பிட்டுகளை மாற்றி அமைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

குறுகிய தொலைபேசிக் கம்பிகளில் மிகு வேகம் தருவதற்காக 2014-இல் வெளிவந்த ஜி.ஃபாஸ்ட் தரநிலை இன்னும் அடிப்படையான இடத்தில் கைவைத்தது. திறனைத் தணித்துக்கொண்டு ஓயாமல் அனுப்புவதற்குப் பதிலாக, தரவு இல்லாத குறியீட்டு நேரங்களில் அனுப்பியையே அணைத்துவிட அது இடம் தருகிறது. அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் மின்சுற்றுகள் அப்போதுதான் மெய்யாகவே ஓய்கின்றன. இதிலும் அண்டைக் கம்பியை மறக்க முடியாது. கம்பிக்குக் கம்பி கசியும் குறுக்கீட்டை நீக்க அனுப்பப்படும் எதிர் அலைகள் கட்டிலுள்ள எல்லாக் கம்பிகளின் பெருக்கிகள் வழியாகவும் செல்வதால், ஒரு பெருக்கியை அணைத்தால் மற்ற கம்பிகளின் கணக்கும் மாறிவிடும். ஆகவே எந்தக் கம்பி எந்த நேரத்தில் ஓயலாம் என்பதை, எல்லாக் கம்பிகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் கருவி முடிவுசெய்கிறது. மின்தடையின்போது மின்கலத்தைக் கொண்டு குரல் அழைப்பை மட்டும் காப்பாற்றுவதற்கு ஒரு நிலையும், வெறும் காத்திருப்புக்கு அதைவிட ஆழ்ந்த ஒரு நிலையும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. குறைமின் நிலையைப் பின்னர் ஒட்டவைக்காமல், குறுக்கீட்டுக் கணக்கோடு சேர்த்து முதலிலேயே வகுத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கம்பியில்லா வலையமைப்புகளும் இதே திசையில்தான் நகர்ந்துள்ளன. 4ஜி நிலையம் பயனர் எவரும் இல்லாதபோதும் மில்லிநொடிதோறும் மேற்கோள் குறிப்பலைகளை, அதாவது கைபேசிகள் அலையின் தரத்தை அளக்க உதவும் அலைகளை, அனுப்பிக்கொண்டிருக்கும். 5ஜி முறையில் அவை நீக்கப்பட்டு, கைபேசி நிலையத்தைக் கண்டறிய உதவும் ஒத்திசைவுத் தொகுதியின் இடைவெளியை 160 மில்லிநொடி வரை நீட்டலாம் என்றாயிற்று.

எனவே "எல்2 நிலையை உடனே இயக்குக" என்று கட்டுரை விடுத்த வேண்டுகோளைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பழைய கருவிகள் கலந்துள்ள கம்பிக் கட்டுகளில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கினால் இணைப்புகள் அறுபடும்; புகார்கள் குவியும்; அந்த வசதி மறுபடியும் முடக்கப்படும். மெய்நிகர் இரைச்சலும் படிப்படியான திறனேற்றமும் உள்ள இடங்களில் முதலில் தொடங்கி, அண்டை இணைப்புகளின் பிழை எண்ணிக்கையைக் கண்காணித்தபடி விரிவாக்குமாறு நிறுவனங்களைக் கேட்கலாம். கருவி உற்பத்தியாளர்களிடம், ஒவ்வொரு நிலையிலும் கருவி இழுக்கும் வாட் அளவையும், முழுத்திறனுக்குத் திரும்ப ஆகும் நேரத்தையும், அந்தத் தாவல் பக்கத்துக் கம்பியில் எத்தனை டெசிபெல் மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதையும் விவரத்தாளில் அச்சிடுமாறு தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தகவல்தொடர்புப் பொறியாளரான வாசகர் ஒருவர்