செயலாளரின் ஆண்டறிக்கை: ஓடையின் இரு கரையிலும் ஒரு கிராமம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, சங்கத்தின் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என்னைச் செயலாளராகத் தெரிவு செய்த அன்றே, அறிக்கை நீளக்கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வழமையான விடயங்களில் அவர் சொல்லைக் காப்பாற்றுகிறேன். நிர்வாகசபை ஆறு தடவை கூடியது. பொங்கல் விழா, வாணி விழா, ஒளிவிழா மூன்றும் நடந்தன. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் எடுப்பதில் இருந்த இழுபறி ஒருவாறு தீர்ந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

கோடைச் சுற்றுலாவைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு என் கோப்பில் சேர்ந்த முறைப்பாடுகளில் பாதி அதைப் பற்றியவை. "பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகாமல், ஐம்பது பேர் வசிக்கும் கிராமத்துக்கு ஐம்பத்திரண்டு பேரை ஏன் பஸ் ஏற்றினீர்கள்?" என்பதே அவற்றின் சாரம். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போன ஊர் மோட்லரொய்ட். ஜேர்மனியின் ஹோஃப் நகரத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் கிடக்கும் சிறிய பள்ளத்தில் இருக்கிறது. 'ரொய்ட்' என்று முடியும் ஊர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம், பைரொய்ட்டும் அப்படித்தான். காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய ஊர்களை நினைத்துக்கொண்டால் சரி. பஸ் சாரதி வழிகாட்டிக் கருவியில் பெயரைத் தட்டியபோது அது இரண்டு மோட்லரொய்ட்டைக் காட்டியது. எது வேண்டும் என்று அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டும் வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஊரின் நடுவே டன்பாக் என்ற ஓடை ஓடுகிறது. ஆறு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நல்ல கால் உள்ளவர் ஓர் எட்டில் தாண்டிவிடலாம். ஓடைக்குத் தெற்குக் கரை பவேரியா மாநிலம், அதாவது நாம் சொல்லும் பயர்ன். வடக்குக் கரை தூரிங்கன் மாநிலம். பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே இந்த நீர்க்கோடு இரண்டு ஆட்சிகளுக்கு எல்லையாக இருந்திருக்கிறது. 1810இல் கற்கள் நாட்டி அதை உறுதி செய்தார்கள்: ஒரு புறம் பவேரிய இராச்சியம், மறுபுறம் ரொய்ஸ் சிற்றரசு. இந்த ரொய்ஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வம்சத்தில் பிறக்கும் ஆண் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஹைன்றிக் என்றே பெயர். அடையாளத்துக்கு இலக்கம் மட்டும். நமது அங்கத்தவர் பட்டியலில் பதினொரு சிவகுமார்களை வைத்துக்கொண்டு தடுமாறும் எனக்கு அவர்களுடைய காரியதரிசிகள் மீது இரக்கம் வந்தது.

எல்லைக்கல் இருந்ததே தவிர, அது யாருடைய வழியையும் மறிக்கவில்லை. பள்ளிக்கூடமும் மதுச்சாலையும் தூரிங்கன் கரையில் இருந்தன. தேவாலயத்துக்கு எல்லோரும் பயர்ன் பக்கத்து ட்யோபன் ஊருக்கு நடந்தார்கள். பெண் எடுத்ததும் கொடுத்ததும் ஓடையைப் பார்த்து அல்ல. முடியரசுகள் போய்க் குடியரசு வந்தது, 1920இல் தூரிங்கன் ஒரு மாநிலமாக அமைந்தது, பிறகு ஹிட்லர் வந்தார். கல் கல்லாகவே கிடந்தது.

போர் முடிந்தபின்தான் அந்தக் கோட்டுக்கு உயிர் வந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. ஜூலையில் தூரிங்கன் சோவியத் படையிடம் கைமாறியது. 1949இல் இரண்டு ஜேர்மனிகள் பிறந்தபோது, ஒரே ஊரின் தெற்குக் கரை மேற்கு ஜேர்மனிக்கும் வடக்குக் கரை கிழக்கு ஜேர்மனிக்கும் போயின. கிழக்கு ஜேர்மனி அரசின் 1952 மே மாதத்துக் கட்டளைதான் ஊரை உண்மையில் வெட்டியது. எல்லையை ஒட்டிப் பத்து மீற்றர் நிலம் உழுது வெறுமையாக்கப்பட்டது, காலடி பதிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. அதன் பின்னால் 500 மீற்றர் காவல் வலயம், அதற்கும் பின்னால் ஐந்து கிலோமீற்றர் தடை வலயம். நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்ட குடும்பங்களை வீட்டுச் சாமான்களோடு லொறியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். எல்லை நெடுகிலும் இப்படிப் போனவர்கள் எட்டாயிரத்துக்கு மேல். 'ஒழிக்க வேண்டிய பூச்சி' என்று பொருள்படும் டொச் (ஜேர்மன் மொழி) சொல்லையே அந்த நடவடிக்கைக்குப் பெயராக வைத்திருந்தார்கள். இதைப் பஸ்ஸுக்குள் ஒலிவாங்கியில் வாசித்தபோது பின்வரிசையில் றோல்ஸ் பகிர்ந்துகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பெயர்ப்பட்டியலும் லொறியும் நம்மில் பலருக்குப் புதியவை அல்ல.

முதலில் பலகை வேலி, பிறகு முட்கம்பி. 1966இல் ஊருக்குள் 700 மீற்றர் நீளத்துக்குக் கொங்கிறீற்றுச் சுவர் எழுந்தது. உயரம் மூன்று மீற்றருக்கு மேல். அமெரிக்கச் சிப்பாய்கள் 'குட்டிப் பேர்லின்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் பேர்லினைவிட இது பொல்லாதது என்பது என் எண்ணம். பெருநகரத்தில் சுவருக்கு அப்பால் இருப்பவர் யாரோ. இங்கே அப்பால் இருப்பது அடுத்த வீடு. கிழக்கு ஜேர்மனிக் கரையில் இருப்பவர் மேற்கு ஜேர்மனிக் கரையைப் பார்த்துக் கை அசைப்பதற்கும் தடை. மேற்கிலிருந்து சுற்றுலாக்காரர் வந்து படம் எடுத்தார்கள். 1983 பெப்ரவரியில் அன்றைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷும் வந்து பார்த்தார். கிழக்குப் பக்கத்துக்கோ அனுமதிச் சீட்டு இல்லாமல் பெற்ற பிள்ளையும் போக முடியாது. 1973இல் அந்த வலயத்துக்குள் போகும் அனுமதி வைத்திருந்த சாரதி ஒருவர், ஏணி வைத்துச் சுவரைத் தாண்டிவிட்டார்.

சுவரில் சுமார் நூறு மீற்றரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வெள்ளையடித்த பரப்பு, மேலே கை பிடிக்க இடம் கொடாத உருண்டை விளிம்பு, பக்கத்தில் காவற்கோபுரம். சுவரின் அடியில் புல் மண்டிக் கிடந்தது. நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் 1984இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்றிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயில் ஏறி மேற்குக்கு வந்தவர். பேர்லினுக்குள் இருந்த கோட்டை மேற்கு ஜேர்மனி நாட்டெல்லையாக ஏற்றுக்கொள்ளாதபடியால் மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. நம்மவர் பலர் வந்த வழி அது. மேற்கின் நெருக்குதலால் 1985 ஜூலையில் விசா இல்லாத இலங்கையருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. "சொந்தச் சனத்தை மறித்தார்கள். எனக்கு முத்திரை குத்திப் போகச் சொன்னார்கள்" என்றார் அவர். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பேர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9 என்பது எல்லோருக்கும் தெரியும். மோட்லரொய்ட்டுக்கு அன்று எதுவும் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9ஆம் திகதிதான் கால்நடையாகக் கடக்க ஒரு வழி விட்டார்கள். 1990 ஜூன் 17 அன்று இயந்திரம் கொண்டு சுவரை இடித்தார்கள். அதே ஆண்டு, மிச்சத்தைக் காப்பாற்றி அருங்காட்சியகம் அமைக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆம், பதிவுசெய்த சங்கம்தான், நம்முடையதைப் போல. பொதுக்கூட்டம், அறிக்கை, சந்தா எல்லாம் அவர்களுக்கும் உண்டு என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது.

இனித்தான் முறைப்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. நாங்கள் போனது ஃப்ரொன்லைக்னாம் என்ற கத்தோலிக்கத் திருநாளான வியாழக்கிழமை. நமக்கு விடுமுறை என்பதால்தான் அந்த நாளைத் தெரிவு செய்தோம். பயர்ன் கரையில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்கு அப்பால் மஞ்சள் தபால் வண்டி வீடு வீடாக நின்று போனது. உழவு இயந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. தூரிங்கனைச் சேர்ந்த அந்த வடக்குக் கரைக்கு அன்று வேலை நாள். அவர்களுக்கு விடுமுறை ஒக்டோபர் 31; அன்று பயர்ன்காரர் வேலைக்குப் போவார்கள், மறுநாள் நவம்பர் 1 இவர்கள் ஓய்வெடுக்க அவர்கள் போவார்கள். சுவர் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, கோடு போகவில்லை. ஒரு கரை ட்யோபன் நகராட்சிக்குக் கீழ், மறு கரை கெஃபெல்லுக்குக் கீழ்; ஆகவே இரண்டு நகரபிதாக்கள். தபால் இலக்கம் ஒன்று 9இல் தொடங்கும், மற்றது 0இல். கார் இலக்கத் தகடு ஒரு பக்கம் ஹோஃப் மாவட்டத்துடையது, மறு பக்கம் சாலே-ஓர்லாவுடையது. தெற்கே "கடவுள் வாழ்த்தட்டும்" என்கிறார்கள், வடக்கே வெறுமனே "நல்ல நாள்".

இதை எல்லாம் ஒரு குறையாக அவர்கள் சொல்லவில்லை. வேலிக்கு மேலால் எங்களோடு கதைத்த ஒரு முதியவளிடம், இரண்டையும் ஒரே மாநிலத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்று நம்மில் ஒருவர் கேட்டார். எதற்கு என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவளுடைய பார்வை முழுவதும் நம்முடைய புளிச்சோற்றுப் பானையில் இருந்தது. ஒரு தட்டு கொடுத்தோம். உறைப்பு என்று சொல்லிக்கொண்டே முடித்தாள்.

இதற்குள் பிள்ளைகள் ஓடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "இப்போது பயர்ன், இப்போது தூரிங்கன்" என்று அரை மணி நேரம் இங்கும் அங்கும் பாய்ந்தார்கள். பூங்கா கேட்டு அழுத பிள்ளைதான் அதிகம் பாய்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் இடதுகால் சப்பாத்து தண்ணீரில் போனது. எந்த மாநிலத்தில் விழுந்தது என்று அண்ணன்மார் இருவர் சண்டை பிடிக்க, சப்பாத்து மிதந்து போய்விட்டது. அதற்கான பணத்தைச் சங்கம் தர வேண்டும் என்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு பேச்சு எழுந்தது. நமது நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருநூறுக்கு உட்பட்டவை, சங்கங்கள் இரண்டு. பிரிந்த காரணம் ஒலிபெருக்கி வாடகை என்று சிலரும், மேடையில் முன்கதிரை என்று சிலரும் சொல்கிறார்கள். மற்றச் சங்கத்தின் பொங்கல் நம்முடையதற்கு ஒரு கிழமை பின்னால் வரும். இரண்டுக்கும் போய்ச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

அவர்களிடமிருந்து செப்டெம்பரில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த சுற்றுலாவில் தாங்களும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். நிர்வாகசபை சம்மதித்து, ஒரே பஸ்ஸில் போவதாகப் பதில் எழுதியிருக்கிறது. பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டும் தாளில் எந்தச் சங்கத்தின் பெயர் மேலே வருவது என்பதில் மட்டும் இன்னும் முடிவில்லை. இன்றைய கூட்டத்தின் நான்காம் விடயமாக அது எடுக்கப்படும்.

நன்றி. வணக்கம்.

இப்படிக்கு,
செயலாளர்