பின்னச் சமன்பாடும் ‘பை’யும்: விடையோடு வழியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்காகத் தங்கள் பத்திரிகையில் வெளியாகும் கணித மாதிரி வினாத்தாள்களை, மாலை வேளைகளில் என்னிடம் வரும் பிள்ளைகள் ஆவலோடு செய்து பார்க்கிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் விடைகள் இறுதி எண்ணாக மட்டும் அச்சிடப்படுவதால், பின்னமும் ‘பை’யும் (π, அதாவது வட்டமொன்றின் சுற்றளவு விட்டத்தின் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் எண்) சேர்ந்து வரும் எளிய சமன்பாடுகளில் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாமற் போகிறது.

அண்மையில் நான் கொடுத்த கணக்கு இது. அரைவட்ட வடிவான பூப்பாத்தி ஒன்றை, விட்டத்தையும் சேர்த்து, ஒரு சுற்று அடைக்க 36 மீற்றர் கம்பி சரியாகப் போதும், ஆரை யாது? வளைந்த பகுதி ஆரையின் ‘பை’ மடங்கு, நேர்ப்பகுதி ஆரையின் இரண்டு மடங்கு, இரண்டும் சேர்ந்து 36 என்பது வரை எல்லோரும் சரியாகவே எழுதினார்கள். அடுத்த வரியிலேயே ‘பை’க்கு 22/7 ஐப் பிரதியிட்டு, பின்னத்தை நீக்குவதற்காக 7 ஆல் பெருக்கியபோது, பலர் பின்னம் இருந்த உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டார்கள். ஆரையின் 24 மடங்கு 36 என்றாகி, விடை ஒன்றரை மீற்றர் என வந்தது. அந்த அளவுப் பாத்திக்கு எட்டு மீற்றர் கம்பி கூடத் தேவைப்படாது என்பதை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 2 ஐயும் 36 ஐயும் கூட 7 ஆல் பெருக்கியிருந்தால், ஆரையின் 36 மடங்கு 252 என்றாகி, ஆரை 7 மீற்றர் எனக் கிடைத்திருக்கும்.

ஒரு மாணவி மட்டும் பேனையை வைத்துவிட்டு, “இரண்டு தெரியாக்கணியங்கள் இருக்கின்றன, சமன்பாடு ஒன்றுதானே, சேர்?” என்று கேட்டாள். அக்கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘பை’ எழுத்தாக எழுதப்பட்டாலும் அது மாறாத ஓர் எண். இங்கே ஆரையின் குணகத்தில் ஒரு பகுதி. ஆகவே ஆரையைப் பொதுக் காரணியாக எடுத்து, 36 ஐ ‘பை’யும் 2 உம் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் வேலை முடிந்தது. பெறுமானத்தைக் கடைசி வரியில் இட்டால் போதும். இடையில் பின்னமே வராது.

வினாக்களில் ஆரை 7, 14, 21 என்றே வருவதால் ‘பை’ என்பதே 22/7 என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அது 22/7 ஐவிடச் சிறிது, 223/71 ஐவிடப் பெரிது என்று ஆர்க்கிமிடீசு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். எந்தப் பின்னத்துக்கும் அது சமனாகாது என்பதை 18ஆம் நூற்றாண்டில் லாம்பேர்ட் என்ற கணிதவியலாளர் நிறுவினார். மேற்கூறிய பாத்தியின் ஆரை உண்மையில் ஏறக்குறைய 7.0017 மீற்றர்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். ஒன்றரை மீற்றர் ஆரையுள்ள உருளைத் தொட்டியில் 2/3 மீற்றர் ஆழத்துக்கு இருக்கும் நீரை ஒரு மீற்றர் ஆரையுள்ள தொட்டிக்கு மாற்றினால் ஆழம் எவ்வளவு என்பது ஒரு தவணைப் பரீட்சை வினா. இரு பக்கமும் உள்ள ‘பை’யை முதல் வரியிலேயே நீக்கி, ஒன்றரை மீற்றர் என்று சரியாக எழுதிய பிள்ளைக்கு, 22/7 பிரதியிடப்படவில்லை என்று புள்ளி குறைக்கப்பட்டது. நன்றாகச் சிந்தித்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே இதை நான் கருதுகிறேன்.

எனவே, இவ்வகைக் கணக்குகளுக்கேனும் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கும் வரியையும், விடையைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கும் வரியையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதெனில் வினாக்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் குறையில்லை. அவற்றை எழுதித் தர, எவ்விதக் கொடுப்பனவும் இன்றி, நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு.