அரை நாளில் பார்த்து முடிக்கிற ஊரா திருகோணமலை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் சுற்றுலாச் சிறப்பிதழில் வந்த திருகோணமலைக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். "நகருக்குள் பார்க்க அதிகமில்லை, அரை நாள் போதும், பிறகு நிலாவெளிக்குப் போய்விடலாம்" என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அந்த வரி இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நான் ஓய்வுபெற்ற மெதடிஸ்த போதகர். 1987 முதல் 1993 வரை அந்த ஊரில் ஊழியம் செய்தேன். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது எங்கள் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லாமல் சனம் வந்து சேர்ந்தது. மிஷன் வீட்டுக் கிணற்றடியில் கல் வைத்து, கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். முதல் நாள் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவர் ஒரு கோயில் ஐயர். வேட்டியெல்லாம் தவிடு. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "உப்பு இருக்கோ?" என்றுதான். அடுத்த கிழமை மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர் ஒருவர் கருவாடு கொண்டுவந்து தந்தார். அந்த ஊரை நான் அறிந்தது இப்படித்தான்.

கடந்த ஆவணியில் பேரப்பிள்ளைகளோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக அறை எடுத்துத் தங்கும் பயணியாக அங்கே போனேன். பிரட்றிக் கோட்டை வாசலில் ஒரு தம்பி வந்து, "ஐயா முதல்தரமா வாறீங்கள்? நான் சுத்திக் காட்டுறன்" என்றான். அந்தப் பிள்ளையில் பிழையில்லை, அவன் பிறக்க முன்னமே நான் மாற்றலாகிப் போய்விட்டேன். ஆனால் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவனையே கூட்டிக்கொண்டு மேலே நடந்தேன். வழியில் ஒரு புள்ளிமான் யாரோ சோறு சுற்றி எறிந்த பொலித்தீன் லஞ்ச் சீட்டை மென்றுகொண்டு நின்றது. என் பேத்தி அதன் வாயிலிருந்து இழுத்தெடுக்கப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டாள். இது தங்கள் நிருபரின் கண்ணில் படவில்லையா?

நான் சைவன் அல்லன். ஆனாலும் 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் மலையில், போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல் கோட்டைக்குப் போன இடத்தில் நின்றுகொண்டு மணிக்கூட்டைப் பார்க்க என்னால் முடியாது. பழைய மயானத்தில், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் 1852இல் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல.

நிலாவெளிக்கே வருகிறேன். கரைவலை இழுக்கிற ஆட்களோடு விடியற்புறம் உட்கார்ந்து ஜெபம் பண்ணிய கரை அது. சுனாமிக்குப் பிறகு அதே மணலில் அவர்களுடைய பிள்ளைகளைத் தேடினோம். இந்த முறை ஒரு ஹோட்டல் காவலாளி கையை நீட்டி மறித்து, "இது விருந்தினருக்கு மட்டும்" என்றார். மீனவர்களின் வாடிக் குடிசைகளையும் காணவில்லை. வலையை எங்கே இழுக்கிறார்கள் என்று கேட்டேன், தெரியாது என்றார். கடற்கரையை ஐந்து படங்களோடு புகழ்ந்த கட்டுரையில் அந்தக் கரைவலை ஆட்களுக்கு ஒரு வரி இல்லாதது எனக்கு வலிக்கிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றி முன்பு தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏழு கிணறுகளில் இறந்த தாய்க்குக் கடன் கழிக்க வருகிற சனத்தின் மனவருத்தத்தை எழுதியிருந்தேன். பிரசுரமாகவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முப்பது வருடங்களுக்கு மேலாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான்.

இப்போது கேட்பது மிகச் சிறியது. சிறப்பிதழில் போட்ட வரைபடத்தில் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே வெறும் பச்சை நிறம்தான் இருக்கிறது. 1660இல் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட கரை அது. அங்கே மூதூர் இருக்கிறது. லோஞ்சுக்குக் காத்திருந்து நான் எத்தனையோ தரம் போய் வந்த ஊர், கருவாடு தந்த மனிதரின் ஊர். கிண்ணியாவையும் காணவில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அங்கே கடந்தோம். அடுத்த முறை அந்த வரைபடத்தைப் போடும்போது இந்த இரண்டு பெயர்களையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போதகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.