புதுக் காரில் பெரிய பழுதா? முதலில் வேலைச் சீட்டைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுக் காரின் கியர்பாக்ஸோ இன்ஜினோ கெட்டால், “வாரண்டி இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதே நம் வட்டாரத்தில் வழக்கம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஏமாறக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

பட்டறையில் காரை ஒப்படைக்கும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டில் ‘பொதுச் சோதனை’ என்று எழுத விடாதீர்கள். ‘சூடேறியபின் 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் குலுங்குகிறது’ என்று நடப்பதை அப்படியே, ஓடிய கிலோமீட்டரோடு எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். கணினியில் பதிந்த பழுதுக் குறியீடு அழிந்துபோனால், “ஒன்றும் தெரியவில்லையே” என்ற பதில்தான் கிடைக்கும். காலையில் மட்டும் வரும் சத்தமா? முதல் நாள் மாலையே காரை அங்கு விட்டு, மறுநாள் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பெல்ட்டும் புல்லியும் கொண்டு இயங்கும் தானியங்கி வகையான சிவிடி கியர்பாக்ஸில் கூடுதல் கவனம் தேவை. உள்ளே அவை தேய்ந்தால் உலோகத் துகள் எண்ணெயில் கலந்து, எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடிக்கும் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்கும் போய்விடும். எண்ணெயை மட்டும் மாற்றினால் தேய்மானம் நிற்காது. கூலரைச் சுத்தம் செய்யாமல் வேறு கியர்பாக்ஸைப் பொருத்தினால், அங்கே தங்கிய துகள் அதையும் கெடுக்கும். எனவே, பொருத்திய பாகம் புதியதா, பழையதைச் சீரமைத்ததா, அதன் தொடர் எண் என்ன, கூலரை என்ன செய்தார்கள், அந்தப் பாகத்துக்கு எவ்வளவு காலம் வாரண்டி என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். இன்ஜின் மாறி அதன் எண்ணும் மாறினால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் உள்ள பதிவையும் காப்புறுதியையும் திருத்தியாக வேண்டும். இல்லையேல் காரை விற்கும்போது புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சிக்கல் வரும்.

“தயாரிப்பாளரிடம் கேளுங்கள்” என்று விற்றவர் கைகழுவ முடியாது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சரிசெய்யக்கூடிய குறையை விற்றவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யத் தவறினாலோ, குறையே பெரியதாக இருந்தாலோ காரை நிராகரிக்கலாம், அதாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அந்த உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போய்விடும். “இன்னொரு முறை பார்க்கிறோம்” என்ற பேச்சை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இழப்பது இதைத்தான். அதே பழுது இரண்டாம் முறை வந்ததுமே விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள், வங்கிக்கும் ஒரு நகல். கார் பட்டறையில் கிடக்கிறதே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். பாக்கி சேர்ந்தால் வங்கி காரை இழுக்க நடவடிக்கை எடுக்கும்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் சொற்பம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். உச்சவரம்பு 50,000 ரிங்கிட். அதற்கு மேல் விலையுள்ள காரின் முழுப் பணத்தையும் கேட்பதென்றால் நீதிமன்றம்தான். கோரிக்கையை இரண்டாகப் பிரித்துப் போடவும் முடியாது.

வெளிப் பட்டறை மெக்கானிக்கிடம் ஓட்டிக் காட்டி, குறியீடுகளைப் படித்து அறிக்கை வாங்கி வைத்துக்கொள்வது விசாரணையில் உதவும். ஆனால் அங்கே கியர்பாக்ஸைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். பிரித்தால், வெளியாள் கைவைத்ததால்தான் கெட்டது என்று வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

அன்புடன்,
வாகனப் பட்டறைத் தொழிலில் உள்ள வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்