பரிசல் கரைச் சாய்தளத்துக்கு அனுமதி பெறத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில், தருமபுரி மாவட்டம் ஏரியூர் ஒன்றியத்தில் உள்ள எங்கள் ஊரில், பரிசல்களையும் படகுகளையும் நீரில் இறக்குவதற்கும் கரையேற்றுவதற்கும் ஒரு பொதுச் சாய்தளம் அமைக்க நீர்வளத் துறையின் எழுத்துபூர்வமான அனுமதி கிடைத்துவிட்டது. இதற்காக உழைத்தவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே தெரியாது. யார் செய்த எந்த வேலை இந்த அனுமதிக்குக் காரணமாயிற்று என்பதை எல்லோரும் அறியவேண்டும் என்று சாய்தளக் குழு விரும்புவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்தக் கரையில் வாழாதவர்களுக்கு ஒரு சாய்தளத்துக்கு இத்தனை பாடா என்று தோன்றக்கூடும். கடலோரத்தில் இறங்குதளம் கட்டுகிறவர்களுக்கு அலை, மணல் அரிப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் என்று வேறு சிக்கல்கள் உண்டு. ஆனால் தமிழகக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் நீர்த்தேக்கத்தின் கதை அப்படிப்பட்டதல்ல. 2023 அக்டோபரில் 40 அடிக்கும் கீழே போன நீர்மட்டம், 2024 ஜூலை இறுதியில் முழு அளவான 120 அடியைத் தொட்டது. நீர் ஏறினால் கரை ஊர் வாசலுக்கு வருகிறது. இறங்கினால் வெகுதூரம் விலகிப்போய், இடைப்பட்ட நிலம் முழுவதும் வண்டல் சேறாகக் கிடக்கிறது. மேலே காய்ந்து வெடித்திருக்கும் அந்தச் சேறு, கால் வைத்தவுடன் முழங்கால் வரை வாங்கும். அக்கரையிலுள்ள கொளத்தூர்ப் பக்கம் சாலை வழியே செல்வதென்றால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதால், எங்கள் மக்கள் வேறு வழியின்றி, செருப்பைக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகி, அந்தச் சேற்றில் இறங்கித்தான் பரிசல் ஏறிவருகிறார்கள். விடியலில் வலை எடுத்துவரும் மீனவர், அரஞ்சானும் கெளுத்தியும் நிறைந்த ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து அதே சேற்றைக் கடந்துதான் டெம்போவுக்குக் கொண்டுவருகிறார்.

முதல் நன்றி எங்கள் ஊர் மூத்த மீனவர் ஒருவருக்கு உரியது. தம் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். நாளிதழில் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுக் கரைக்குச் செல்வதும், அன்று நீர் நிற்கும் விளிம்பில் ஒரு முளைக்குச்சி அடிப்பதும், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அந்த அளவைக் குறித்து வைப்பதும் அவருடைய நெடுநாள் பழக்கம். அந்தத் தாள்களைக் கம்பியில் கோத்து வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். எந்த மட்டத்தில் எந்தப் பாறை தலைகாட்டும், எந்த இடத்தில் மண் வழுக்கும், எந்த இடத்தில் காலூன்றலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. பொறியியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் நில மட்டத்தை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை வாடகைக்கு எடுத்துவந்து, அணையின் முழு மட்டமாகிய 120 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து 790 அடி என்ற கணக்கை அடிப்படையாகக் கொண்டு, பெரியவர் காட்டிய இடங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். அவர் சொன்ன மட்டத்துக்கும் கருவி சொன்ன மட்டத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறிது. கரையின் சரிவைப் பக்கவாட்டில் காட்டும் நெடுவெட்டு வரைபடம், விண்ணப்பத்துடன் இணைத்தது, இவ்வாறுதான் உருவாயிற்று. அந்த வரைபடம் இல்லாதிருந்தால் எங்கள் மனு மற்ற மனுக்களோடு ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும் என்பதே என் உறுதியான எண்ணம்.

அடுத்து, எங்கள் திட்டத்தை முதலில் மறுத்த நீர்வளத் துறைப் பொறியாளர் அவர்களுக்கு நன்றி கூறுகிறேன். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. நாங்கள் கொண்டுபோன முதல் திட்டத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன்மேல் கான்கிரீட் போடுவதாக இருந்தது. அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நீர்ப்பரப்புக்குள் கொட்டும் ஒவ்வொரு கூடை மண்ணும் அணையின் கொள்ளளவில் அந்த அளவைக் குறைக்கும் என்றும், முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்பது டெல்டா விவசாயிகளுக்குக் கணக்குக் காட்டவேண்டிய நீர் என்றும், ஓர் ஊருக்கு விட்டுக்கொடுத்தால் கரையிலுள்ள அத்தனை ஊர்களுக்கும் விட்டுக்கொடுக்கவேண்டி வரும் என்றும் பொறுமையாக விளக்கினார். 1934 முதல் இந்த அணை யாருக்காக நிற்கிறது என்பதை அதன் கரையில் இருக்கும் நாங்களே மறக்கலாகாது. அவருடைய அந்த விளக்கத்துக்குப் பிறகுதான், மேடாக்காமல் நிலத்தின் இயல்பான சரிவையே பின்பற்றி, வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் சமமாக இருக்கும்படி திட்டம் மாற்றப்பட்டது. இப்போதைய திட்டம் முந்தையதைவிடச் செலவு குறைந்தது. மண் அரிப்பையும் தாங்கக்கூடியது.

சரிவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதில் எங்களுக்கு வழிகாட்டியவர், நாகப்பட்டினம் பகுதியில் மீன் இறங்குதளப் பணிகளில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். எட்டு அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்பது படகு வண்டிகளுக்கு ஏற்ற சரிவு என்றும், கான்கிரீட் பரப்பில் குறுக்கே பள்ளக்கோடுகள் இழுக்காவிட்டால் பாசி படிந்து ஆளே வழுக்கி விழுவார் என்றும், சாய்தளத்தின் அடிமுனையில் ஆழமான தடுப்புச் சுவர் இல்லையென்றால் அடியிலுள்ள மண்ணை நீர் தோண்டிவிடும் என்றும் அவர் தொலைபேசியிலேயே வகுப்பு எடுத்தார். 120 அடியிலிருந்து 80 அடி மட்டம் வரை பயன்படவேண்டும் என்றால், அந்தக் கணக்கில் 320 அடி நீளம் வேண்டும். அதற்கும் கீழே நீர் இறங்கும் காலத்துக்கு, விரிக்கவும் சுருட்டி எடுக்கவும் ஏற்ற மூங்கில் தட்டிப் பாதை போதும் என்று யோசனை சொன்னவர்கள் எங்கள் ஊரில் பரிசல் பின்னும் குடும்பத்தினர். கடலோர அனுபவமும் காவிரிக்கரை அனுபவமும் ஒரே தாளில் சேர்ந்ததை எண்ணி இன்றும் மகிழ்கிறேன்.

பரிசல் துறைக் குத்தகையை ஏலத்தில் எடுத்திருக்கும் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாய்தளம் வந்தால் ஆளாளுக்குச் சொந்தப் படகு இறக்குவார்கள், தம் வருமானம் போய்விடும் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அவருக்கும் கடன் இருக்கிறது, கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதிர்ப்பு மனு கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது, கொடுத்திருந்தால் கோப்பு அந்த இடத்திலேயே நின்றிருக்கும். 1890-ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் இன்னும் நடைமுறையில் இருப்பதையும், கட்டணம் வாங்கி ஆட்களை அக்கரை சேர்ப்பது குத்தகைதாரரின் உரிமையாகவே தொடரும் என்பதையும், சாய்தளத்தில் மீன்பிடிப் பரிசல்களும் சொந்தப் பயன்பாட்டுப் படகுகளும் மட்டுமே கட்டணமின்றி இறங்கும் என்பதையும் வழக்கறிஞர் தம்பி ஒருவர் எழுதிக்கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்த அண்ணன், தம்முடைய கைப்பட ஆட்சேபணை இல்லை என்று எழுதி, முதல் கையெழுத்தையும் தாமே போட்டார். அவருடைய கையெழுத்தைப் பார்த்த பின்னரே அக்கரையில் பண்ணவாடிப் பக்கத்து மக்களும் ஆதரவுக் கடிதத்தில் ஒப்பமிட்டார்கள்.

நீர் வடியும் காலத்தில் நீர்த்தேக்க நிலத்தில் நிலக்கடலையும் கம்பும் விதைக்கும் குடும்பங்கள், சாய்தளத்துக்குச் செல்லும் வழிக்காகத் தம் உழவு எல்லையைச் சற்று ஒதுக்கிக்கொண்டார்கள். நிலம் அரசுடையது, அவர்களுக்குப் பட்டா இல்லை. ஆனாலும் அவர்களுடைய அடுப்பு எரிவது அந்த விளைச்சலால்தான் என்பதால், கேட்காமல் வழி எடுக்கக்கூடாது என்று குழுவில் முடிவு செய்திருந்தோம். கேட்டவுடன் தந்தார்கள்.

கிராம சபையில் இந்தத் தீர்மானம் நிறைவேறக் காரணமாக இருந்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழு அக்காமார்கள். சாய்தளம் என்றால் படகுக்கு மட்டும்தானா, தலையில் கீரைக்கூடையும் இடுப்பில் குழந்தையுமாக வருகிறவள் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள் என்று அவர்கள் கேட்ட கேள்வியால், ஓரமாகப் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் திட்டத்தில் சேர்ந்தன. சூரிய விளக்கும் அவர்கள் கேட்டதுதான். தீர்மானத்தைப் பிழையின்றி எழுதிக்கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும், நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டின் நகலையும் தேடி எடுத்துத் தந்த கிராம நிர்வாக அலுவலர் அவர்களுக்கும், வெயிலைப் பாராமல் வந்து எல்லை காட்டிய நில அளவர் அவர்களுக்கும், மீன்வளத் துறையின் ஒப்புதலுக்காக உடன் வந்த கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் எங்கள் நன்றி. இடையில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நீண்ட காலம் அசையாமல் கிடந்தபோது, அது எந்த மேசையில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து சொன்ன உதவியாளர் ஒருவரையும் நாங்கள் மறக்கவில்லை.

நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மக்கள் பங்காகச் செலுத்தவேண்டிய தொகைக்கு, பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூலியிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் ரசீது அனுப்பப்பட்டுள்ளது; வரவு செலவுக் கணக்கு கிராம சபையில் வைக்கப்படும்.

அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளையும் இங்கே சொல்லியாகவேண்டும். முழு நீர்மட்டத்துக்குள் கடை, கொட்டகை, கழிப்பறை என எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது. சாய்தளத்தின் மீது வலை உலர்த்தவோ வண்டி கழுவவோ அனுமதி இல்லை. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடும்போது பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிப்பதுபோல, இங்கும் வெள்ள அறிவிப்பு வந்தவுடன் சங்கிலி போட்டு வழியை அடைக்கவேண்டும். உயிர்காப்பு உடை அணியாமல் யாரும் படகு ஏறக்கூடாது. துறை கேட்கும்போது எந்த நேரமும் ஆய்வுக்குத் திறந்திருக்கவேண்டும். இவை அனைத்தும் நியாயமானவை என்றே குழு கருதுகிறது. இவற்றில் ஒன்றை மீறினாலும் அனுமதி ரத்தாகும் என்பதை ஊரார் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளவேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கியபின்தான் அடிமுனைத் தடுப்புச் சுவரைக் கட்ட முடியும் என்பதால், பணி வரும் கோடையில் தொடங்கும். அதற்கு முன் ஜல்லி இறக்க இடம் ஒதுக்கவும், மூங்கில் வெட்டவும், முளை அடித்துக் கயிறு கட்டவும் ஆட்கள் தேவை. உடலுழைப்பாகத் தர விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் திடலில் நடக்கும் குழுக் கூட்டத்துக்கு வந்து பெயர் கொடுக்கலாம். நாட்காட்டித் தாள்களைத் தந்த பெரியவர் முளை அடிக்கும் இடங்களைத் தாமே காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
பொதுச் சாய்தளக் குழுவின் சார்பில்,
குழுச் செயலாளர்
ஏரியூர் ஒன்றியம், தருமபுரி மாவட்டம்