மருமகனுக்கும் வாசித்துக் காட்டவும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். இங்கே மட்டக்களப்பில் அனலடிக்கிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. வீட்டுப் பூனை மூன்று குட்டி ஈன்றிருக்கிறது. பூனையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் உண்டு.

போன ஞாயிறு தொலைபேசியில் மருமகன் சொன்னது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. குயீன் என்ற இங்கிலாந்து ரொக் இசைக் குழுவின் பாட்டென்றால் உயிரை விடுவாராம். ஆனால் அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மேர்க்குரி தனியாக வெளியிட்ட ‘மிஸ்டர் பேட் கை’ இசைத்தொகுப்பு மட்டும் சவர்க்கார விளம்பரத்துக்குப் போடுகிற இசையாம். நீ பின்னாலிருந்து சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன், மருமகனோடு தொலைபேசியில் வாக்குவாதப்படுவது அழகில்லையே. நமது ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண் வீட்டோடு வந்திருந்தாரானால் விறாந்தையில் இருத்திவைத்து ஒரு கை பார்த்திருப்பேன். அவர் உன்னை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆகவே கடிதம்.

அவருடைய கூட்டாளிகளும் அதே கட்சி என்றாய். ஒருவருக்கு குயீனின் கிற்றார்காரர் பிரையன் மேயின் கிற்றார் இல்லாத குறை. இன்னொருவருக்கு கீபோர்ட் என்கிற மின்விசைப் பலகையின் சத்தம் காதில் குத்துகிறது. மூன்றாமவர் எல்லாம் ஒரே காதல் பாட்டு, திகட்டுகிறது என்கிறார். உன் அலுவலகத்துப் பிள்ளை ஒருத்தி மட்டும் அந்தக் குரல் அவ்வளவு சுதந்திரமாக வேறெங்கும் கேட்கவில்லை என்று சொன்னாளாம். அவளுக்கு என் அன்பைச் சொல்லு. அடுத்த முறை வரும்போது கூட்டிவந்தால் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று முழுதாக அவளுக்கே.

அந்த இசைத்தொகுப்பு எனக்குக் கிடைத்த கதை உனக்குத் தெரியாது. 1986இல் உன் சின்னப்பா கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது றேடியோ கசெற் பெட்டி ஒன்றும் கசெற்றுகள் பதினாறும் கொண்டுவந்தார். பதினைந்து தமிழ், ஒன்று இங்கிலீசு. கடைக்காரன் கணக்கைச் சரிக்கட்டப் போட்டுக்கொடுத்ததாம். அட்டையில் கறுப்புக் கண்ணாடியும் மீசையுமாக ஒரு முகம். எங்கள் ஆட்களின் சாயல் இருக்கிறதே என்று அம்மம்மா கேட்டார். அவர் பார்வை பொய்க்கவில்லை. ஃபாரூக் புல்சாரா என்ற அந்தப் பார்சிப் பிள்ளை பிறந்தது 1946இல், கராம்பு விளைகிற சன்சிபாரில். எட்டு வயதில் கப்பலேற்றி இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள். 1964இல் சன்சிபாரில் கலவரம் வெடித்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடியிருக்கிறது. இதெல்லாம் நான் பல ஆண்டு கழித்து அறிந்தது. அப்போது எனக்கு வயது இருபது, இது யார், என்ன குழு, ஒன்றும் தெரியாது. குயீன் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதைத்தான் மருமகன் கவனிக்க வேண்டும். அவர் முதலில் குயீனைக் கேட்டுவிட்டு இந்தக் கசெற்றுக்கு வந்தார். அதனால் ஒவ்வொரு பாட்டிலும் இல்லாததைத் தேடினார். நான் எதையும் தேடவில்லை. பசியோடு இருந்தவன் இலையில் விழுந்ததைச் சாப்பிட்டேன்.

உன் அப்பப்பா வடமோடிக் கூத்தில் பிற்பாட்டுக்காரர் என்பது உனக்குத் தெரியும். வட்டக்களரி என்கிற கூத்து மேடையில் ராசா வேடக்காரர் ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, எடுத்தால் பிற்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொள்வார்கள். மத்தளமும் சல்லாரியும் சேர்ந்து தூக்கும்போது அந்த ஒருவரின் குரல் ஊர் முழுவதின் குரலாகிவிடும். விடிய விடிய ஆட்டம். ஒரு முறை விடியற்காலையில், எனக்கு ஏழெட்டு வயதிருக்கும், அப்பப்பாவோடு வாய்க்காலுக்குப் போனேன். இரவெல்லாம் தருமராக ஆடியவர் அங்கே குந்தியிருந்து முகத்து அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு தனக்குத்தானே ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தார். அதே தொண்டைதான். ஆனால் யாரையும் நடுங்கவைக்க வேண்டிய தேவை இல்லாத தொண்டை. அப்பப்பா என்னைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர் பாடி முடிக்கும்வரை நாங்கள் தண்ணீரில் இறங்கவில்லை.

‘மிஸ்டர் பேட் கை’யை நான் அந்த வாய்க்கால் கரையில் நின்றுதான் கேட்கிறேன்.

குயீன் களரி. அதை யார் மறுத்தார்கள்? பிரையன் மே தன் தகப்பனோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் பலகையில் செய்த கிற்றாரைப் பற்றிச் சொன்னபோது இங்கே டச் பார் என்ற இடத்திலிருந்த என் பறங்கி நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பரம்பரைத் தச்சன், பறங்கியர் கல்யாணங்களில் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசித்தவன், அவனுக்கு அந்தச் செய்தி வேதவாக்குப் போல. ஆனால் இந்தக் கசெற்றை முதன்முதலில் போட்டுக்காட்டியபோது அவன் சொன்னது வேறு. “இது நம்ம பைலா ஆட்டப் பாட்டுத்தானடா, மேளம் மட்டும் ஜேர்மனியில் செய்தது.” அவன் ஊகம் சரி என்று பிறகு தெரிந்தது. மியூனிக் நகரத்து மியூசிக்லாண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், மாக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்துதான் ஃபிரெடி இதைச் செய்தார். மேளமடித்தவர் கேர்ட் கிரெஸ், அவரும் ஜேர்மன்காரர்தான். நண்பன் இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டைத்தான் விசாரிப்பான். தொகுப்பின் பெயரையே கொண்ட பாட்டு அது. கிற்றாருக்குப் பதில் ஒரு முழு வாத்தியக் குழுவே வயலின்களோடு எழும்பி நிற்கும். கிற்றார் இல்லை என்று அழுகிற கூட்டாளியிடம் அதைப் போட்டுக்காட்டு. குறை எங்கே என்று அவரே சொல்லட்டும்.

மற்றக் குற்றச்சாட்டுகளில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் பாட்டின் தாளம் தகரக் கூரையில் தேங்காய் விழுவது போலத்தான் இருக்கும். காதலும் கொஞ்சம் அதிகம். பதினொரு பாட்டில் சில, வட்டிலப்பத்துக்கு மேல் பாணி ஊற்றியது போல. கணக்கு வாத்தியார் என்பதால் புள்ளி போட்டுப் பார்த்தேன்: நான்கு மிக நல்லவை, நான்கு நல்லவை, மூன்று பரவாயில்லை. குயீனின் எத்தனை தொகுப்பு இந்தப் புள்ளி வாங்கும் என்று மருமகனையே கேள்.

பொப் இசை என்பதாலேயே மட்டம் என்கிற எண்ணம் மட்டும் எனக்குப் பிடிக்காது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடியபோது இங்கே பண்டிதமார் அப்படித்தான் மூக்கைச் சுளித்தார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் எதைப் பாடினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தொகுப்பு எடுபடாமல் போனதற்கு நான் நினைக்கிற காரணம் ஒன்று உண்டு. அது வெளிவந்தது 1985 ஏப்ரல் 29. அடியோடு தோற்கவும் இல்லை, இங்கிலாந்துப் பட்டியலில் 6ஆம் இடம். அமெரிக்காவில்தான் முதல் 100க்குள்ளும் வரவில்லை. பிறகு ஜூலை 13, வெம்ப்ளி அரங்கில் லைவ் எய்ட் என்ற பெரிய நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி. எண்ணிப் பார்த்தேன், இடையில் எழுபத்தைந்து நாள். அந்த மேடையில் இருபது நிமிடமளவில் குயீன் உலகத்தையே கட்டிப்போட்டது. அந்த இருபது நிமிடத்தில் இந்தத் தொகுப்பிலிருந்து ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கும்? அது நால்வரின் மேடை. தன் பாட்டுகளைத் தானே மறைத்துக்கொண்டு நின்ற மனிதனை அன்று யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

இனி, மருமகனின் கடைசி அம்பு. ‘மேட் இன் ஹெவன்’, ‘ஐ வோஸ் போர்ன் டு லவ் யூ’ இரண்டையும் குயீன் 1995இல் கிற்றாரும் மேளமும் சேர்த்துத் திருத்தி வெளியிட்டதே, அதைக் கேட்டபின் பழையதை யார் கேட்பார்கள் என்றார். நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு ஒரு முழுப் பின்னேரம் கேட்டேன். புதியது பெரியது, அழகானது. ஆனால் ஃபிரெடி 1991 நவம்பரில் இறந்துவிட்டார். 1995இல் மற்ற மூவரும் அவரை நினைத்து வாசிக்கிறார்கள். அந்தத் துக்கம் ஒவ்வொரு தட்டிலும் கேட்கிறது, கேட்க வேண்டியதும்தான். பழையதில் பாடுகிறவர் உயிரோடு, வரப்போகிற நோயை அறியாமல், சத்தமாகச் சந்தோசப்படுகிறார். செத்த வீட்டில் வைக்கிற படத்துக்கு மாலை போட்டால் அழகாகத்தான் இருக்கும். அதற்காக மாலையில்லாத படத்தை வீசிவிடுவோமா?

‘லிவிங் ஒன் மை ஓன்’ என்ற பாட்டை நீ மட்டும் தனியாகக் கேள், மருமகன் வேலைக்குப் போன பிறகு. தனியே வாழ்கிறேன் என்று புலம்புகிற பாட்டுத்தான், ஆனால் தாளம் ஆடச் சொல்கிறது. நடுவில் சொல்லெல்லாம் உதிர்ந்துபோய் வெறும் ஒலியாகப் பாடிக்கொண்டு போவார், நம் கூத்தில் தாளக்கட்டுச் சொல்வது போல. எட்டு வயதில் கப்பலேறிய பிள்ளை என்று தெரிந்த பிறகு எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். நீ முதல் வருடம் அங்கே அறையில் தனியாக இருந்தபோது, சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிக் கலகலவென்று பதில் சொல்வாய். அம்மா அதை நம்பினார்.

1985இல் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் 50ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1993இல் யாரோ தாளத்தை மாற்றிக் கொடுத்ததும் அதே பாட்டு முதலிடம். பாடியவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம்.

பூனைக்கு வருகிறேன். மூல அட்டையில் இந்தத் தொகுப்பு ஜெரி என்ற தன் பூனைக்கும், டொம், ஒஸ்கார், டிஃபனி ஆகிய மற்றப் பூனைகளுக்கும், உலகத்துப் பூனைப் பிரியர் எல்லோருக்கும் என்று எழுதி, மற்றவர்கள் எக்கேடும் கெடட்டும் என்ற பொருளில் முடித்திருக்கிறார். எங்கள் கசெற்றில் அந்தப் பக்கம் இருக்கவில்லை. அண்மையில்தான் அறிந்து அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடமாக அந்தக் கசெற்றை நிறுத்தச் சொன்னவர் உடனே கட்சி மாறிவிட்டார். குட்டிகளில் ஒன்றுக்கு இப்போது ஜெரி என்று பெயர்.

இன்னுமொன்று சொல்ல இருக்கிறது. மேலே 1993 என்று எழுதினேன். அந்த வருடம் உனக்கு இரண்டு வயது, பேசத் தொடங்கியிருந்தாய். வெற்றுக் கசெற் வாங்கக் கையில் காசில்லை. பெட்டரியை வெயிலில் காயவைத்துப் பாவித்த காலம். ஒரு பின்னேரம் நீ வாசற்படியில் இருந்து காகத்தோடு பேசிக்கொண்டிருந்தாய். அவசரத்தில் கைக்கு வந்த கசெற்றின் விளிம்புத் துளையில் ஒட்டுத்தாள் ஒட்டிப் பெட்டிக்குள் போட்டு அழுத்திவிட்டேன். பிறகு பார்த்தால் இதுதான். முதல் பக்கத்தின் நான்காவது பாட்டு தொடங்கி நாலு வரியில் அறுந்துபோகிறது. காகம் கரைகிறது, நீ அதை அதட்டுகிறாய், அம்மம்மா உள்ளேயிருந்து யாரோடு பிள்ளை சண்டை என்று கேட்கிறார், பின்னர் ஐந்தாவது பாட்டு பாதியிலிருந்து எழும்புகிறது. நல்லவேளையாக நான்காவது அந்தப் பரவாயில்லை மூன்றில் ஒன்று. அம்மம்மாவின் குரல் வேறெதிலும் இல்லை.

2019இல் தொகுப்பு முழுவதையும் மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள் என்று நீ அனுப்பியிருந்தாயே, கேட்டேன். நன்றாகத் துலக்கியிருக்கிறார்கள். ஆனால் நான்காவது பாட்டு முழுதாக ஓடியபோது எனக்கு ஏதோ பிழைபோல இருந்தது.

இப்போது சிக்கல், கசெற் பெட்டியின் உள்ளே ஓடுகிற றப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. ஃபிரெடி தூக்கக் கலக்கத்தில் பாடுகிறார், நீயும் ஆண்பிள்ளைக் குரலில் காகத்தை அதட்டுகிறாய். இங்கே திருத்துகிறவர் அந்த அளவு கிடைக்காது என்கிறார். அங்கே கிடைக்குமாம். சுற்றளவை நூலில் எடுத்து இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், முடிச்சிலிருந்து முடிச்சு வரை. இழுக்காமல் அளக்கச் சொல்லு. மாரி மழைக்கு முன்னம் வருகிறீர்கள்தானே, அப்போது இரண்டாகக் கொண்டுவாருங்கள். மருமகனுக்கு முதலில் இரண்டாம் பக்கம்தான் போடுவேன்.

அன்புடன்,
அப்பா