காலின் பேக்கர் அவர்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள காலின் பேக்கர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களைப் பிடிக்காது என்று பத்து வருடம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்களால் படிக்க முடியாது என்ற தைரியமும் இருக்கிறது.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிவியல் கதைத் தொடரில், காலத்தில் பயணம் செய்யும் வேற்றுக்கிரக நாயகன்தான் டாக்டர். அவர் சாகும் நிலைக்கு வந்தால் புது உடம்புக்கு மாறிவிடுவார், நடிகரும் மாறிவிடுவார். அப்படி நீங்கள் ஆறாவது டாக்டராக வந்தது 1984இல். நான் பார்த்தது அதற்கு ரொம்ப வருடம் கழித்து, கல்லூரி விடுதியில், கீறல் விழுந்த ஒரு சிடியில். முதல் கதையிலேயே கூட வந்த பெண்ணின் கழுத்தை நெரித்தீர்கள். புது உடம்புக்கு மாறிய குழப்பத்தில் அப்படிச் செய்தார் என்று கதை சமாதானம் சொன்னது. எனக்கு மனசு ஆறவில்லை. அப்புறம் அந்தக் கோட்டு. தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத் துணியையெல்லாம் கூட்டி ஒட்டுப்போட்ட மாதிரி. அதற்குக் கீழே மஞ்சள் கால்சட்டை வேறு. நீங்கள் கறுப்பு வெல்வெட் கேட்டீர்கள், தயாரிப்பாளர் ஜான் நாதன்-டர்னர்தான் வேண்டுமென்றே ரசனைகெட்ட ஒன்றைத் தைக்கச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியும் வரை அதுவும் உங்கள் கணக்கில்தான் இருந்தது.

1985இல் தொடரை ஒன்றரை வருடம் நிறுத்திவைத்தார்கள். 1986இல் திரும்பி வந்து 14 பகுதிகள் நடித்தீர்கள், உடனே உங்களை நீக்கினார்கள். ஒரே ஒரு கதைக்கு வந்து செத்துக் காட்டிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டால் யார்தான் போவார்? நீங்களும் போகவில்லை. 1987இல் அடுத்த டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய், உங்கள் சுருட்டை முடி மாதிரி ஒரு விக்கை மாட்டிக்கொண்டு தரையில் கிடந்து, உங்கள் சாவையும் சேர்த்து நடித்துக் கொடுத்தார். அந்தக் காட்சியைப் பார்த்து நான் சிரித்தேன். இந்தக் கடிதத்தில் முதல் மன்னிப்பு அதற்கு.

தொடரே 1989இல் நின்றுபோனது. பத்து வருடம் கழித்து, 1999 ஜூலையில், பிக் ஃபினிஷ் என்ற சிறிய நிறுவனம் பிபிசியிடம் உரிமம் வாங்கி, பழைய டாக்டர்களைக் கூப்பிட்டு ஒலிவட்டில் புதுக் கதைகள் போட ஆரம்பித்தது. கடையில் ஒலிப்புத்தக அலமாரியில்தான் இதையும் வைப்பார்கள். ஆனால் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது இல்லை. ஆளுக்கொரு குரல், இசை, கதவு, காலடிச் சத்தம் என்று முழு நாடகம். டிவி மாதிரியே நான்கு பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் ஆபத்தான இடத்தில் நிற்கும். எனக்கு இது புதிதும் இல்லை. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவன் நான். பார்க்காத படத்தை வசனத்தை வைத்தே மனதில் ஓட்டிவிட்டு, பிற்பாடு நிஜப் படத்தைப் பார்க்கும்போது வில்லன் ரொம்பக் குள்ளமாக இருக்கிறாரே என்று ஏமாந்தவன்.

நண்பன் ஒருவன் நச்சரித்துத்தான் 2000இல் வந்த 'தி மேரியன் கான்ஸ்பிரசி'யைக் கேட்டேன். தாம்பரத்திலிருந்து கோட்டை போகும் மின்சார ரயிலில், இடது காது செத்துப்போன இயர்போனில். சில இடங்களில் கதவு திறக்காமலே ஆள் உள்ளே வந்தார்! பரவாயில்லை. எவலின் ஸ்மைத் என்ற வரலாற்றுப் பேராசிரியையின் வகுப்புக்குள் நீங்கள் புகுந்து தொந்தரவு செய்கிறீர்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர், கம்பளிச் சட்டை, சாக்லேட் கேக் பிரியை, இதயக் கோளாறு வேறு. டாக்டரோடு ஊர் சுற்றப் பெரும்பாலும் இளம்பெண்களையே அனுப்பிவைத்த தொடரில் இப்படி ஒருவர். நீங்கள் குரலை உயர்த்தினால் அவர் பயப்படுவதில்லை. கடைசி பெஞ்சில் கத்தும் பையனைப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி விட்டு, பிறகு பதில் சொல்கிறார். அந்த இடைவெளியிலேயே உங்கள் குரல் இறங்கிவிடுகிறது. எவலினுக்குக் குரல் கொடுத்த மேகி ஸ்டேபிள்ஸ் அவர்கள் 2014இல் காலமான செய்தியைப் படித்தபோது, எனக்குப் பாடம் எடுத்த ஒருவர் போனது போலத்தான் இருந்தது.

டிவியில் வெறும் திமிராகத் தெரிந்தது, காதில் விழும்போது அடிபட்ட ஒருவர் சத்தம் போட்டு மறைப்பதாகக் கேட்டது. எழுத்து மாறியிருந்தது, உண்மைதான். நீங்களும் பல வருடம் மூத்திருந்தீர்கள். ஆனால் என் வரையில் பாதி வித்தியாசம் அந்தக் கோட்டுதான். அது கண்ணில் படாததால் உங்களைக் கேட்க முடிந்தது.

2003இல் வந்த 'ஜூபிலி'யைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். லண்டன் கோபுரச் சிறையில் ஒற்றை டாலெக் (உலோகக் கூட்டுக்குள் இருக்கும், டாக்டரின் பரம எதிரி இனம்), அதன் எதிரில் எவலின். அதை எழுதிய ராபர்ட் ஷியர்மன்தான் அதிலிருந்து கருவை எடுத்து 2005இல் டிவியில் திரும்பி வந்த புதுத் தொடருக்கு 'டாலெக்' பகுதியை எழுதினார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது அதே வருடம் வந்த 'டாக்டர் ஹூ அண்ட் தி பைரேட்ஸ்' பற்றி. ராத்திரி நேரத்தில் எவலின் தன் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு வந்து, ஒரு கடற்கொள்ளையர் கதை சொல்கிறேன், கேள் என்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கேட்க விருப்பமே இல்லை. எவலின் விடுவதாக இல்லை; கதையை மாற்றி மாற்றிச் சொல்கிறார், வேண்டாததைச் சேர்க்கிறார். கொஞ்ச நேரத்தில் நீங்களும் வந்து சேர்ந்துகொள்கிறீர்கள். மூன்றாம் பகுதியில் திடீரென்று எல்லோரும் பாட ஆரம்பிக்கிறார்கள். கில்பர்ட், சல்லிவன் இருவரின் பழைய இசைநாடக மெட்டுகளில், மூச்சு விடாமல், நாக்கு சுளுக்கும் வேகத்தில் நீங்கள் பாடினீர்கள். ரயிலில் சத்தமாகச் சிரித்தேன். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாட்டு நின்ற பிறகுதான் புரிந்தது. அந்தக் கதையில் ஒரு சிறுவனின் சாவு இருக்கிறது. எவலினுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இத்தனை சுற்றுவழி, இத்தனை கூத்து. அந்த மாணவி அந்த ராத்திரியைத் தாண்டுவாளா என்ற பயத்தில்தான் அவர் வந்ததே. கதை முடிவதற்குள் விடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கிண்டியில் இறங்க வேண்டியவன் மாம்பலம் வரை போனேன். அன்றைக்கு அலுவலகத்துக்கு லேட்.

2015இல் 'தி லாஸ்ட் அட்வென்சர்' வந்தது. 28 வருடம் கழித்து உங்கள் டாக்டருக்கு முறையான ஒரு முடிவு, உங்கள் சொந்தக் குரலில். விக் தேவைப்படவில்லை. அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க அடுத்த கதை எதையும் போடவில்லை.

இன்னொரு விஷயம் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. போன மாதம் வீட்டில் அந்தக் கொள்ளையர் பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகளுக்குப் பத்து வயது. உங்கள் படம் எதையும் அவள் பார்த்ததில்லை, நான் காட்டவும் இல்லை. பாட்டு மூன்று தடவை ஓடி முடிவதற்குள் உங்களை வரைந்துவிட்டாள். கையில் வாள், தலையில் சுருட்டை முடி. சட்டையில் பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கிரேயான் பெட்டியையே கொட்டியிருந்தாள்.

"ஏன்டி இத்தனை கலர்?" என்றேன்.

"அவர் பேசறது அப்படித்தானேப்பா இருக்கு" என்றாள்.

சத்தியமாக நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, சார்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு நேயர்